சேர்க்கை மட்டும்தான் காரணமா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன், தேர்வில் நண்பனின் தாளைப் பார்த்து எழுதிப் பிடிபட்டுவிட்டான். "எல்லாரும்தான் எழுதுறாங்க, நான் மாட்டிக்கிட்டேன்" என்கிறான். இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. ப்ராஜெக்டைக்கூட அவன் அக்கா அழகாக எழுதிக் கொடுத்துவிடுவாள், நல்ல மார்க் வாங்குவான். சேர்க்கைதான் கெடுத்துவிட்டது. வேறு பள்ளியில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. "அக்கா எழுதிக் கொடுத்துவிடுவாள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். அடுத்தவர் எழுதியதைத் தன் பெயரில் கொடுத்து மார்க் வாங்குவது அவனுக்குப் பழகிய விஷயம். தேர்வறையில் அக்கா இல்லை, நண்பன் இருந்தான்.

சேர்க்கைக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 31 கல்லூரிகளின் மாணவர்களிடம் டொனால்ட் மெக்கேபும் லிண்டா ட்ரெவினோவும் நடத்திய ஆய்வு 1993-இல் வெளிவந்தது. பிடிபடுவோமோ என்ற பயத்தைவிட, தண்டனையைவிட, 'கூடப் படிக்கிறவர்கள் செய்கிறார்கள்' என்ற எண்ணத்துக்கும் காப்பியடிப்பதற்கும்தான் நெருக்கமான தொடர்பு இருந்தது. 'எல்லாரும்' என்றால் எத்தனை பேர் என்று அவனிடம் கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். கண்விழித்துப் படித்து, தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டுப் போன பிள்ளைகளை அவன் கணக்கில் சேர்த்திருக்கவே மாட்டான். ஆனால் அம்மாவும் அக்காவும் அந்தக் கணக்கில் இருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்களே சரியென்று விட்டதை நண்பன் செய்தால் அவனுக்கு ஏன் உறுத்தப் போகிறது?

எனக்குக் கோபம் வருவது உங்கள் மகளை நினைத்து. தம்பிக்கு உதவுவது அக்காவின் கடமை என்பீர்கள். சொல்லிக் கொடுப்பது கடமை, நானும் ஒப்புக்கொள்கிறேன். எழுதிக் கொடுக்கவிட்டது, அவள் உழைப்பைப் பிடுங்கி மகன் பெயரில் போட்டது. அதைக் குற்றமாக நினைத்திருந்தால் என்னிடம் இவ்வளவு பெருமையாக எழுதியிருப்பீர்களா?

பள்ளியை மாற்றினால் அங்கேயும் பக்கத்தில் ஒருவன் உட்காரத்தான் போகிறான். அவன் தாளை நீட்டினால், "வேண்டாம்டா, எனக்குத் தெரிஞ்சதை எழுதிக்கிறேன்" என்று சொல்ல இவனுக்கு வாய் வரவேண்டும். அதை வீட்டில் பேசிப் பழக்குங்கள். ஆசிரியரிடம் அவனே போய் மன்னிப்புக் கேட்கட்டும், நீங்கள் கூடப் போய்ப் பரிந்து பேசாதீர்கள். அடுத்த ப்ராஜெக்டை அவன் கோணல்மாணலாக எழுதி மார்க் குறைந்தாலும் குறையட்டும். ஆனால் இதையெல்லாம் அவனிடம் சொல்வதற்கு முன்னால் மகளைக் கூப்பிட்டு, "இனிமேல் தம்பிக்கு எழுதித் தராதே, விட்டுவைத்தது என் தப்பு" என்று சொல்லுங்கள். அவன் காதில் விழும்படியே சொல்லுங்கள்.