வகிட்டில் வழியும் எண்ணெய்: ஒரு தோல் மருத்துவரின் பதில்கள்

தலை சீக்கிரம் பிசுக்கேறுகிறது என்று எழுதியிருப்பவர்களில் பலர், 'சுத்தமாகத்தான் இருக்கிறேன் டாக்டர்' என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி என்னை வருத்தப்படுத்தியது. யாரோ உங்களை அழுக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். தலையில் எண்ணெய் சுரப்பதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறேன். மறுநாள் விடிவதற்குள் முடி மண்டையோடு ஒட்டிக்கொள்கிறது. தினமும் ஷாம்பு போட்டால் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்கிறார்களே? (மாணவி, 19 வயது, கோவை)

சுரக்காது. பயப்படாமல் குளியுங்கள். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. முகத்திலும் தலையிலும் இவை மிக நெருக்கமாக இருக்கும். இவற்றை முடுக்குபவை ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள். பெண்களின் உடலிலும் இவை உண்டு. பருவ வயதில் இவற்றின் அளவு ஏறும்போது சுரப்பிகள் பெரிதாகி, எண்ணெய் கூடுகிறது. மேலே எண்ணெய் தங்கியிருக்கிறதா, கழுவிவிட்டோமா என்பது சுரப்பிக்குத் தெரியாது. அது தன் வேகத்தில் சுரந்துகொண்டேதான் இருக்கும். சுருட்டை முடியில் எண்ணெய் வளைந்து வளைந்து இறங்க நேரமாகும். நீளமாக, நேராக இருக்கும் முடியில் சட்டென்று வழிந்துவிடும். உங்கள் தோழிக்கு மூன்று நாள் தாங்குவது உங்களுக்கு ஒரு நாள்கூடத் தாங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ஷாம்புவை அப்படியே உச்சியில் ஊற்றாமல், உள்ளங்கையில் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்துகொள்ளுங்கள். நகம் படாமல் விரல் நுனியால் வகிடு, காதுக்குப் பின்புறம், பிடரி ஆகிய இடங்களில் நிதானமாகத் தேயுங்கள். முடியின் நீளத்துக்கென்று தனியாக ஷாம்பு வேண்டாம். அலசும்போது வழிந்து இறங்கும் நுரையே போதும். கண்டிஷனர் போடுவதென்றால் காதுக்குக் கீழே மட்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்; கொதிக்கும் வெந்நீர் தோலை வறட்டி அரிக்க வைக்கும்.

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு. தினமும் எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புகிறேன். தலை பிசுபிசுவென்று இருக்கிறது; நெற்றி முழுதும் பொரிப்பொரியாக இருக்கிறது. எண்ணெய் வைக்காவிட்டால் முடி வளராது என்கிறார் மாமியார். (தாய், திருநெல்வேலி)

சென்ற மாதம் இதே வயதுப் பெண் ஒருத்தி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முடி தொடங்கும் கோட்டை ஒட்டி, இரண்டு விரல் அகலத்துக்குச் சிறுசிறு வெள்ளைப் பொரிகள். புருவத்தை நோக்கி இறங்க இறங்கக் குறைந்தன. கன்னத்தில் ஒன்றுகூட இல்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைக்கச் சொன்னேன். துணியில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. வெயிலிலும் வியர்வையிலும் தலை எண்ணெய் நெற்றிக்கு இறங்கி, துவாரங்களை அடைத்துக்கொள்வதால் வரும் பரு இது. உங்கள் மகளுக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. நுனி பிளவதும் சிக்கு விழுவதும் குறையும். ஆனால் முடி வளர்வது வேர்க்காலில். அதற்கு உணவு போவது ரத்தத்தின் வழியாக. மேலே தடவும் எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. ஆகவே எண்ணெயை நிறுத்த வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, பின்னலின் பாதியிலிருந்து நுனிவரை தடவிவிட்டு அலசுங்கள். பள்ளிக்குப் போகும் காலையில் எண்ணெய் வேண்டாம். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் வீட்டு வழக்கம் என்றால் அதுவும் நடக்கட்டும்; தேய்த்த எண்ணெய் முழுக்கப் போகும்வரை அலச வேண்டும், அவ்வளவுதான். பொரிகள் அடங்க ஓரிரு மாதம் ஆகலாம். அதுவரை பிள்ளையின் நெற்றியைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது. அந்த வயதில் ஒரு சொல் நெடுநாள் தங்கிவிடும்.

கேள்வி: ஷாம்புவா, சீயக்காயா? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

இரண்டும் நல்லவைதான். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. அரப்பும் அப்படியே எண்ணெயை எடுக்கும். அதிகம் வழியும் தலைக்குச் சீயக்காய் ஒரு தடவையில் போதாமல் போகலாம், இரண்டு தடவை தேய்க்க வேண்டிவரும். வீட்டில் அரைத்த தூளை நேராகத் தலையில் கொட்டாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டித் தேயுங்கள். பொடுகு என்று காட்ட வந்த சிலரின் தலையில் நான் பார்த்தது சீயக்காய்த் திப்பியைத்தான். வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்ப்பவர்கள், முடி மெல்லியதாக இருந்தால் கஞ்சியை விட்டுவிடுங்கள். அது முடியில் படலமாகத் தங்கி, பிசுக்குபோலவே தோன்றும்.

கேள்வி: போர் தண்ணீரில் குளிக்கிறோம். எவ்வளவு அலசினாலும் முடி மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. (சென்னை புறநகர்)

குளியல் சோப்பையே தலைக்கும் போடுகிறீர்களா? உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். பக்கெட்டின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் முடியிலும் படிகிறது. சோப்பை விட்டு ஷாம்புவுக்கு மாறுங்கள். லேபிளில் டைசோடியம் இ.டி.டி.ஏ. என்று இருந்தால் நல்லது. அது இந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும். கடைசி இரண்டு செம்பு மட்டும் நல்ல தண்ணீரில் அலசினாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: எண்ணெய்ப்பிசுக்கோடு மஞ்சளாகப் பொடுகு. எண்ணெய் வைத்தால் இரண்டு நாள் அடங்கி, மறுபடி வருகிறது. (35 வயது, சேலம்)

அடங்கவில்லை, செதில்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. எல்லார் தலையிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியிருக்கிறது. தலை எண்ணெய்தான் அதற்கு உணவு. அது உண்டு மிச்சம் வைக்கும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. தோல் வேகமாக உரிகிறது. பொடுகு இருக்கும்வரை தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு முறை, நான்கு வாரம்வரை போடுங்கள். பிறகு வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ போதும். போட்டவுடன் அலசிவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் தலையில் இருக்க வேண்டும். குளியலறையில் ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் குறையாவிட்டாலும், தடித்த சிவப்புத் திட்டுகள் வந்தாலும் நேரில் காட்டுங்கள். குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதிலும் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். அது படையாக இருக்கலாம், உள்ளுக்கு மாத்திரை தேவைப்படும்.

கேள்வி: எலுமிச்சைச் சாறோ சமையல் சோடாவோ தேய்க்கலாமா?

இரண்டும் வேண்டாம். சோடாவின் காரத்தன்மை முடியைச் சொரசொரப்பாக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்து, கறுத்துப்போகும்.

கேள்வி: நாள் முழுக்க ஹெல்மெட்டோடு பைக் ஓட்டும் வேலை. தலை எண்ணெயாகவே இருக்கிறது, நெற்றியும் ஏறுகிறது. எண்ணெய் அடைத்துதான் முடி கொட்டுகிறதா? (26 வயது, மதுரை)

இல்லை தம்பி. சுரக்கும் எண்ணெய் வேரை அடைத்துக் கொல்வதில்லை, ஹெல்மெட்டும் வழுக்கையைத் தருவதில்லை. எண்ணெயைக் கூட்டும் அதே ஹார்மோன் குடும்பம்தான், பரம்பரையாக வாய்ப்புள்ளவர்களுக்கு முடியையும் மெலிய வைக்கிறது. ஹெல்மெட்டைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டி, அதைத் தினமும் துவைத்துப் போடுங்கள். நெற்றி ஏறுவதற்குச் சீக்கிரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். மினாக்சிடில் போன்ற மருந்துகளைத் தொடங்க, முடி மீதமிருக்கும்போதே வருவதுதான் நல்லது.

கேள்வி: ஒரு வருடமாகத் திடீரென்று தலையும் முகமும் எண்ணெயாக வழிகின்றன. ஷாம்பு மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போகிறது. தாடையில் முடி முளைக்கிறது. (28 வயது, திருச்சி)

அம்மா, இதை ஷாம்புவால் தீர்க்க முடியாது. நீங்கள் எழுதிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுகிறது. ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்து, மகப்பேறு மருத்துவரோ ஹார்மோன் மருத்துவரோ உறுதி செய்வார். பரவலாகக் காணப்படும் பிரச்சினைதான், சிகிச்சையும் உண்டு. போகும்போது கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கூச்சப்பட்டு முந்தின நாள் தாடை முடியை எடுத்துவிடாதீர்கள். மருத்துவர் அதைப் பார்க்க வேண்டும்.