உடைத்து நட்ட செங்காந்தள் கிழங்கு ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: போன ஆடியில் நட்ட செங்காந்தள் நன்றாகப் பூத்தது. கொடி காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி வைத்திருந்து, இந்த ஆண்டு இரண்டாக உடைத்துத் தரையில் நட்டேன். ஒரு துண்டு மட்டும்தான் முளைத்தது. வீட்டில் 3 வயதுப் பேரன் இருக்கிறான். விஷச் செடி, பிடுங்கிப் போடுங்கள் என்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: முளைக்காத துண்டை மெதுவாகத் தோண்டி, அதன் கூம்பிய நுனியைப் பாருங்கள். செங்காந்தள் கிழங்கு கலப்பை போல இரு கிளையாக வளைந்திருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் முளைக்கும் மொட்டு ஒன்றே ஒன்று, அதுவும் நுனியில். உருளைக்கிழங்கைப் போல உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனி ஒடிந்துவிட்டால் எவ்வளவு பெரிய கிழங்கானாலும் முளைக்காது. வளைவில் உடைத்தது தவறில்லை. தோண்டும்போதோ பையில் போடும்போதோ நுனி அடிபட்டிருக்கலாம். நுனி முழுசாக, கிழங்கு கெட்டியாக இருந்தால் மறுபடி புதைத்துப் பொறுத்திருங்கள். எல்லாம் ஒன்றாக விழிப்பதில்லை. அமுக்கினால் கொழகொழவென்றிருந்தால் அழுகிவிட்டது என்று பொருள்.

உங்கள் ஊர்க் களிமண்ணில் அழுகல்தான் பெரிய தொல்லை. திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள் என்றால், தண்ணீர் நிற்காத செம்மண் அதற்கு முக்கியக் காரணம். நீங்கள் தொட்டிக்கு மாறுவது நல்லது. 12 அங்குலத் தொட்டியில் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்து, கிழங்கைப் படுக்கைவசமாக 2 முதல் 3 அங்குல ஆழத்தில் வையுங்கள். முளை வரும்வரை லேசான ஈரம் போதும்.

பந்தலுக்குத் தடித்த மூங்கில் வேண்டாம். இந்தக் கொடி ஏறுவது இலையால்தான். இலையின் நுனி நூலாக நீண்டு, சுருண்டு, கிடைத்ததைப் பற்றும். மெல்லிய கம்பிவலையோ காய்ந்த குச்சியோ இருந்தால்தான் அதற்குப் பிடி கிடைக்கும். கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழுக்கள் வந்தால் அன்றே பொறுக்கி எடுங்கள். விட்டுவைத்தால் தண்டுதான் மிஞ்சும்.

சரி, பேரன் விஷயத்துக்கு வருவோம். சொல்கிறவர்கள் சும்மா பயமுறுத்தவில்லை. இந்தச் செடியில் கோல்ச்சிசின் என்ற நஞ்சு எல்லாப் பாகத்திலும் இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் போகாது. மண் ஒட்டிய கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றோ வேறு கிழங்கென்றோ நினைத்துச் சமைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால் காய்கறிப் பாத்தியில் இதற்கு இடம் கொடுக்காதீர்கள். தோண்டியதை அடுப்படியிலோ வெங்காயக் கூடை பக்கத்திலோ வைக்கவும் வேண்டாம். பெயர் எழுதி, பூட்டிய அறையில் காய்ந்த மணலில் பரப்பிவையுங்கள். கையுறை போட்டுத்தான் தொடவேண்டும்.

என் கருத்து: பூட்டு உள்ள மொட்டைமாடி இருந்தால் வளருங்கள். பிள்ளை ஓடியாடும் முற்றம்தான் ஒரே இடம் என்றால், அவனுக்கு விவரம் தெரியும்வரை தோட்டம் வைத்திருக்கும் உறவினர் யாரிடமாவது தொட்டியோடு கொடுத்துவிடுங்கள், விவரத்தையும் சொல்லி. பிடுங்கித் தெருவில் எறிந்தால் ஆடு மாடு தின்றுவிடும். வளர்ப்பதாக இருந்தால், பூ வாடத் தொடங்கியதும் காம்போடு நறுக்கிவிடுங்கள். காய் முற்றி வெடித்தால் உள்ளே செக்கச்செவேலென்று விதை வரிசையாக இருக்கும். மிட்டாய் என்று குழந்தை வாயில் போட அதைவிட வேறு வேண்டாம். காய் பிடிக்காமல் தடுப்பதால் கிழங்கும் நன்றாகத் திரளும்.

யாராவது துளி தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும் 108-ஐ அழையுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம், அதுவரை பிள்ளை சாதாரணமாக விளையாடிக்கொண்டிருக்கும். உப்புக்கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். செடியின் ஒரு துண்டைப் பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கண்வலிக்கிழங்கு என்று சொன்னாலே அவருக்குப் புரியும்.