நடுங்காத கை

வணக்கம் ஐயா,

‘காட்ஃபாதர்’ படத்தைக் கல்லூரி நாட்களில் பார்த்தபோது பாதியிலேயே தூங்கிவிட்டேன். போன வாரம் மறுபடியும் பார்த்தேன். ஏறக்குறைய மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. எல்லோரும் மாஃபியா தலைவராக வரும் மார்லன் பிராண்டோவைக் கொண்டாடுகிறார்கள். என் கண்ணோ அந்த மாஃபியா தலைவரின் மகன் மைக்கேலை (அல் பசினோ) விட்டு நகரவில்லை. ‘அது என் குடும்பம், நான் அப்படியில்லை’ என்று காதலியிடம் சொன்னவன் எந்த இடத்தில் மாறுகிறான்? உணவகத்தில் சுடும்போது என்கிறார்கள் நண்பர்கள்.

ர.

அன்புள்ள ர.,

பிராண்டோவை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1971-இல் படப்பிடிப்பு நடந்தபோது அவருக்கு 47 வயதுதான். அந்தக் கிழவரை நாம் நம்பிவிட்டோமே! ஆனால் உங்கள் கேள்விக்கு விடை மருத்துவமனை வாசலில் இருக்கிறது.

அப்பா குண்டடிபட்டுக் கிடக்கிறார். காவலுக்கு ஆளில்லை. கொல்ல வருகிறார்கள் என்பது மைக்கேலுக்குப் புரிந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து நலம் விசாரிக்கப் பூக்களோடு வருகிறார் ரொட்டிக்கடை என்ஸோ. பாவம், அவரையும் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் நிறுத்துகிறான். கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் துப்பாக்கி இருப்பதுபோல் இருவரும் நிற்கிறார்கள். ஒரு கார் வந்து நின்று, நோட்டமிட்டுப் போய்விடுகிறது. என்ஸோ சிகரெட்டை வாயில் வைக்கிறார். கை உதறும் உதறலில் லைட்டரை மூட்ட முடியவில்லை. மைக்கேல் அதை வாங்கிப் பற்றவைக்கிறான். பிறகு தன் கையைப் பார்க்கிறான். அது நடுங்கவில்லை.

வசனமே கிடையாது. போருக்குப் போய் வந்தவன்தான். ஆனாலும் இந்தத் தொழிலுக்கும் அந்தக் கை பொருந்தும் என்று அவனுக்கே அப்போதுதான் தெரிகிறது. எனக்கு அந்தப் பார்வையில் பெருமிதம் தெரியவில்லை, லேசான திகைப்புதான் தெரிகிறது. (மருத்துவமனை வராந்தாவில் தேநீர்க் கோப்பையையே கொட்டிவிடுகிறவன் நான்.)

உணவகம் அதற்குப் பிறகுதான். அப்பாவைச் சுடவைத்த சொலோஸோவை அங்கே சந்திக்கிறான். கழிவறையிலிருந்து வந்ததும் சுட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவனோ துப்பாக்கியோடு திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறான்! சொலோஸோ இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே போகிறார். மைக்கேலின் காதில் எதுவும் ஏறவில்லை. கண்கள் மட்டும் அங்கும் இங்கும் அலைகின்றன. கண்ணில் படாத ஏதோ ஒரு ரயிலின் கிறீச்சொலி ஏறிக்கொண்டே வருகிறது. வால்டர் மர்ச் சேர்த்த ஒலி அது. இசை அதுவரை இல்லை. சுட்டுவிட்டு, வெளியேறும்போது அவன் துப்பாக்கியை நழுவவிட்ட பிறகே நினோ ரோட்டாவின் இசை எழுகிறது. அல் பசினோ இந்த வேடத்துக்கு வேண்டாம் என்று முரண்டு பிடித்த தயாரிப்பு நிறுவனம் இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் அடங்கியது.

இன்னொரு முறை பார்த்தால் கடைசிக் காட்சியில் அந்தக் காதலி கேயை மட்டும் பார்க்காதீர்கள். அவள் தள்ளி நின்று பார்க்கிறாள்; உள்ளே அப்பாவின் பழைய தளபதி கிளெமென்ஸா குனிந்து முத்தமிடுவது மைக்கேலின் அதே கையைத்தான். உடனே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.