பில்லி ஐலிஷ் ஒரே இரவில் புகழ்பெற்றாரா?

சவுண்ட்கிளவுட் என்ற இசைப் பகிர்வுத் தளத்தில் ஒரே ஒரு பாட்டை ஏற்றியதால் அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் உலகப் புகழ் பெற்றார் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. 2015 நவம்பரில், 14 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், ‘ஓஷன் ஐஸ்’ பாடலை அவர் இணையத்தில் ஏற்றியது புகழை எண்ணி அல்ல. நடனம் அமைக்க ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்த நடன ஆசிரியர் எளிதாக எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான். அண்ணன் ஃபினியஸ் தம் இசைக்குழுவுக்கென எழுதிவைத்திருந்த பாடல் அது.

கேட்டவர்கள் பகிரப் பகிர அது பரவியது. ஆனால், 2016இல் இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்துடன் ஒப்பந்தமான பிறகும் முதல் ஆல்பம் வெளிவர 2019 மார்ச் ஆயிற்று. ‘ஒரே இரவு’ என்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஆல்பத்தையும் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில், ஃபினியஸின் சிறிய படுக்கையறையில், பில்லி கட்டிலில் உட்கார்ந்து பாடப் பாடப் பதிவுசெய்தார்கள். காதோரம் முணுமுணுப்பது போன்ற அவரது பாடும் முறைக்கு, ஹெட்போனில் தனியே கேட்கும் பழக்கம் மிகவும் கைகொடுத்தது என்பது என் கணிப்பு. 2020 கிராமி இசை விருது விழாவில், 18 வயதில், நான்கு முதன்மை விருதுகளையும் அவர் ஒருசேர வென்றார். அவருக்கு முன் அப்படி வென்றவர் 1981இல் பாடகர் கிறிஸ்டோபர் கிராஸ் மட்டுமே.