பழகுநரைச் சேர்க்கும் முன் மூத்த டர்னரின் கூலியைப் பாருங்கள்

கேள்வி: சேலம் கருப்பூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு ஷாஃப்ட், புல்லி, கன்வேயர் ரோலர் செய்து தருகிறோம். ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து 14 பேர். நம்பி ஜாப் (கடைய வேண்டிய பாகம்) கொடுக்கக்கூடிய டர்னர்கள், அதாவது லேத்தில் கடைபவர்கள், இரண்டே பேர்தான், இருவருக்கும் வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. புதிதாக வரும் பையன்கள் கை பழகியதும் ஓசூருக்கோ கோவைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். "ஐடிஐ முடித்தவர்களைத் தொழிற்பழகுநராக (அப்ரெண்டிஸ்) சேர், அரசாங்கமே பாதிச் சம்பளம் தருகிறது" என்கிறார் நண்பர். உண்மையா? பி.எஃப், இ.எஸ்.ஐ, நிரந்தர வேலை என்று மாட்டிக்கொள்வேனா? எங்கள் மூத்த டர்னரும் "எனக்கு எதற்கு இந்தத் தலைவலி" என்கிறார்.
— வாசகர், சேலம்

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசி வரியாக வந்திருப்பதுதான் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம். அதற்கு வருமுன் பணத்தையும் சட்டத்தையும் பார்த்துவிடலாம்.

பாதிச் சம்பளம் என்பது சரியல்ல. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநருக்கு மாதாமாதம் தரும் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய்தான் அரசின் பங்கு. ஐடிஐ முடித்தவருக்கு 2019 விதித் திருத்தத்தின்படி குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். அந்தக் கணக்கில் உங்கள் கையிலிருந்து போவது 5,500. இந்தத் தொகைகள் மாறக்கூடியவை, அதனால் ஒப்பந்தம் போடும் அன்றைய அளவை அரசின் தொழிற்பழகுநர் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத்துக்கு மேல் கொடுக்கத் தடையில்லை. சேலத்தில் அறை எடுத்துத் தங்குகிற பையனுக்கு 7,000 போதாது என்பது உங்களுக்கே தெரியும்.

அரசின் பங்கு இப்போது உங்களுக்கு வருவதில்லை, பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வரும். கணக்கு ஆதாருடன் இணைந்திருக்காது, அல்லது ஐடிஐ சான்றிதழில் ஒரு பெயரும் ஆதாரில் இனிஷியல் மாறி வேறொரு பெயரும் இருக்கும். பணம் வராது. பையன் உங்களைத்தான் சந்தேகப்படுவான். சேர்க்கும் அன்றே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எழுத்து மாறியிருந்தால் திருத்திக்கொண்டு வந்த பிறகு ஒப்பந்தம் போடுங்கள். உங்கள் பங்கை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வங்கி வழியாகக் கொடுத்து, போர்ட்டலிலும் மாதாமாதம் பதிய வேண்டும். அந்தப் பதிவு தவறினால் அரசின் பங்கும் நின்றுவிடும்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பழகுநர் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம்போல் சேர்க்கலாம். உச்சவரம்பு மொத்த ஆட்களில் 15 சதவீதம் என்பதால் உங்கள் 14 பேருக்கு இரண்டு பழகுநர்கள். முதல் வருடத்துக்கு அதுவே போதும். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி அவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. பி.எஃப், இ.எஸ்.ஐ பிடிக்க வேண்டாம். முடித்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் இந்தச் சலுகை அத்தனையும் போர்ட்டலில் பதிவான ஒப்பந்தத்துக்கு மட்டுமே. வாய்ப்பேச்சில் "டிரெய்னி" என்று ஒருவரை நிறுத்தி வைத்தால், சோதனை வரும்போது அவர் உங்கள் தொழிலாளியாகத்தான் கணக்கில் வருவார்.

விபத்து நேர்ந்தால் தொழிலாளிக்கு என்ன இழப்பீடோ அதே பொறுப்பு பழகுநருக்கும் உங்களுக்கு உண்டு. இ.எஸ்.ஐ இல்லாததால் அந்தச் சுமை முழுக்க உங்கள் தலையில் விழும். பட்டறைக்கு எடுத்திருக்கும் விபத்து இழப்பீட்டு பாலிசியில் இருவர் பெயரையும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது, அதற்குத் தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும்.

இனி மூத்த டர்னர். உங்கள் பட்டறையில் அவருக்குக் கூலி பீஸ் ரேட்டிலா, அதாவது முடித்துத் தரும் ஒவ்வொரு ஜாப்புக்கும் இவ்வளவு என்றா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் சேலம் வட்டாரப் பட்டறைகளில் அது சகஜம். அப்படியானால் அவர் மறுப்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஒரு பையனுக்கு டூல் பிட் (வெட்டும் முனை) தீட்டச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் மெஷினை நிறுத்தினால், அந்த அரை மணியின் கூலி அவர் பையிலிருந்துதான் போகிறது. உங்கள் பட்டறையின் எதிர்காலத்துக்கு அவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? பழகுநர் திட்டம் எடுபடாமல் போகும் பட்டறைகளில் கற்றுக்கொடுப்பவர் மனமில்லாமல் கற்றுக்கொடுப்பதே பாதிக் காரணம். பையன் வருடம் முழுக்கத் துருவல் பெருக்கி, டீ வாங்கி, வண்டியில் லோடு ஏற்றிவிட்டுப் போவான். நீங்கள் "இந்தக் காலத்துப் பசங்க" என்று சலித்துக்கொள்வீர்கள்.

ஆகவே கற்றுக்கொடுப்பவருக்குத் தனியாக ஒரு தொகை வையுங்கள். மாதம் 2,000 ரூபாய் என்று கொண்டால் ஒரு பழகுநருக்கு உங்கள் செலவு 7,500, வருடத்துக்கு 90,000. கூடவே முதல் மூன்று மாதம் வீணாகும் ராடு, உடையும் டூல் பிட். இதை இன்னொரு பக்கத்துடன் ஒப்பிடுங்கள். போன வருடம் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த ஜாப்கள் எவ்வளவு? ஆள் இல்லாமல் லேத் சும்மா நின்ற நாட்கள் எத்தனை? டர்னர் இல்லை என்று நீங்கள் வேண்டாமென்ற ஆர்டர்கள்? பில் புத்தகத்தை எடுத்து எழுதிப் பாருங்கள். நல்ல டர்னரை நம்பி ஓடும் பட்டறையில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பழகுநர் பக்கமே சாயும்.

அந்த டர்னர் கையில் இருப்பது எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் உடனே வராது. உங்கள் ரோலர் ஷாஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 6205 பேரிங் உட்காரும் இடம் 25 மில்லிமீட்டர். பேரிங் இறுக்கமாக உட்கார வழக்கமாக வைக்கும் k6 என்ற அளவுப் பொருத்தத்துக்கு 25.002-க்கும் 25.015-க்கும் இடையில் நிற்க வேண்டும். புதுப்பையன் கடைசி வெட்டு போட்டதும், ஜாப் கை சுடச் சுட இருக்கும்போதே மைக்ரோமீட்டர் வைப்பான். 25.005 காட்டும், சரி என்று எடுத்து வைப்பான். அறை வெப்பத்தைவிட 40 டிகிரி கூடுதலாக இருந்த ஷாஃப்ட் ஆறியதும் சுமார் 11 மைக்ரான் (0.011 மில்லிமீட்டர்) சுருங்கி 24.994-க்கு வந்துவிடும். பேரிங்கின் உள் வளையம் பிடிப்பில்லாமல் ஷாஃப்ட் மேல் நழுவிச் சுற்றும், கொஞ்ச நாளில் அந்த இடமே தேய்ந்துபோகும். ஆலைக்காரர் உங்களுக்குப் போன் போடுவார். மூத்தவர் ஜாப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஆறட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லுவார். அவர் ஓய்வு பெறுவதற்குள் பட்டறையில் தங்க வேண்டியது இந்த மாதிரி அறிவு. பழகுநரால் உங்களுக்குக் கிடைக்கும் முதல் லாபமும் இதுதான்.

பயிற்சியை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். ஐடிஐ முடித்த டர்னருக்கு ஒரு வருடம். முதல் மாதம் அளவெடுப்பும் பாதுகாப்பும் மட்டும் போதும், உற்பத்தி கேட்காதீர்கள். ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிக ஆபத்தான தவறு. சாவி கையை விட்டுப் பிரிந்தால் அது தன் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கம் முதல் வாரமே வர வேண்டும். சுற்றும் ஜாப் பக்கத்தில் கையுறை கூடாது, சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கியால்தான். பிறகு ஃபேசிங் (முனை முகத்தைச் சமமாக வெட்டுவது), டர்னிங் (சுற்றளவைக் கடைவது), டூல் உயரம் வைப்பது. ஜாப் சுற்றும் மையத்துக்குக் கீழே டூல் நின்றால் முகத்தின் நடுவில் சின்ன முளை ஒன்று வெட்டாமல் நிற்கும். தவறை அவனே பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். அதன்பின் போரிங் (துளையின் உட்புறம் கடைவது), டேப்பர் (சரிவாகக் கடைவது), மரை. பேரிங் உட்காரும் இடத்தைக் கடைய எட்டாம் மாதத்துக்கு முன் தனியாக விடாதீர்கள். சிஎன்சி (கணினி இயக்கும் லேத்) இருந்தால், பட்டன் அழுத்துவதற்கென்று ஒருவரை அதிலேயே கட்டிப்போடும் ஆசை வரும். அப்படிச் செய்தால் வருட முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வில் தோற்பார், உங்களுக்கும் டர்னர் கிடைக்க மாட்டார்.

ஆட்களுக்கு அய்யந்திருமாளிகை அரசு ஐடிஐ, மேட்டூர் அணை, கருமந்துறை ஐடிஐகளில் கேளுங்கள். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் நடத்தும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்களிலும் மேசை போடலாம். கோரிமேடு மகளிர் ஐடிஐயை விட்டுவிடாதீர்கள், உடை மாற்ற இடமும் கழிப்பறையும் மட்டும் முதலில் தயாராகட்டும். கருமந்துறையிலிருந்தோ ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தோ வருபவர் தினமும் மலையேறி இறங்குவது கடினம். பட்டறைக்குப் பக்கத்தில் இருவருக்கு ஓர் அறை பார்த்துக் கொடுத்தால், பாதியில் நின்றுவிடுவது பெருமளவு குறையும்.

கற்றுக்கொண்டு ஓடிவிடுவார்களே என்ற பயத்துக்காக அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். அது தவறு, பலனும் தராது. ஓசூர் போகிறவர் சம்பளத்துக்காகத்தான் போகிறார். ஒன்பதாம் மாதமே அவரைக் கூப்பிட்டு, தேர்வு முடிந்ததும் என்ன சம்பளம், எந்த மெஷின், இரண்டு வருடத்தில் எவ்வளவு உயரும் என்பதை எண்ணாகச் சொல்லி, தாளில் எழுதிக் கொடுங்கள். இருவரில் ஒருவர் தங்கினாலும் உங்கள் செலவு வீணாகவில்லை. அடுத்த ஜோடியை இவர்கள் முடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே ஒப்பந்தம் செய்துவிடாதீர்கள், உச்சவரம்பு இடிக்கும். தேர்ந்தெடுத்து மட்டும் வைத்துக்கொண்டு, இவர்கள் காலம் முடிந்த மறுநாளே பதிவு செய்யுங்கள்.