"வீட்டில்தானே இருக்கிறாய்?"

கேள்வி: பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவை மூன்று ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலையையும் விட்டுவிட்டேன். அண்ணனும் தம்பியும் தொலைபேசியில் யோசனை சொல்வதோடு சரி. "வீட்டில்தானே இருக்கிறாய்?" என்கிறார்கள். சில இரவுகளில் அப்பா மீதே எரிந்து விழுகிறேன், பிறகு அழுகிறேன். நான் கெட்ட மகளா?

பதில்: இல்லை. தூக்கம் கெட்ட மகள், அவ்வளவுதான்.

படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். இரவு 10 மணிக்குக் கண்ணயர்ந்தால் 12, 2, 4 என்று எழ வேண்டும். மருத்துவமனையில் இதற்கு ஷிப்டு மாறுவார்கள். உங்களை மாற்றிவிட யார் இருக்கிறார்கள்? இடுப்பின் பின்புறமோ குதிகாலோ சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ கைக்குத் தட்டுப்படும். மருத்துவர் கண்ணில் படும் முன்பே உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். இதன் பெயர் சும்மா இருப்பதா?

ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அப்பாவின் கோப்போடு திரும்பிவிடாதீர்கள். முதுகு பிடித்துக்கொள்ளாமல் அவரை எப்படித் தூக்குவது என்று இயன்முறை மருத்துவரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். உங்கள் தூக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் பற்றி நீங்களே பேச்செடுங்கள். நோயுற்ற வாழ்க்கைத்துணையைப் பராமரித்து நலிந்துபோன முதியவர்களிடையே, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகம் என்று 1999-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உங்கள் வயதும் நிலைமையும் வேறு, பயப்பட வேண்டாம். ஆனால் அண்ணன் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அவர்களிடம் "உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள், "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். சனிக்கிழமை இரவு அண்ணனுடையது, ஞாயிறு தம்பியுடையது என்று நாளைச் சொல்லுங்கள். வர முடியாதவர் அந்த இரவுக்கு ஆள் வைக்கும் செலவை ஏற்கட்டும். பாசம் எவ்வளவு என்ற விவாதத்துக்குள் மட்டும் போய்விடாதீர்கள், அது விடிய விடிய நடக்கும்.

கையோங்கத் தோன்றும் அளவுக்கு எரிச்சல் வந்தால், அப்பாவைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அண்ணன் வரும் முதல் இரவு, புரட்டும் முறையை ஒருமுறை செய்துகாட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்ப் படுங்கள். தலையணையை உங்களைப் போல வைக்கமாட்டார். எழுந்து போய்த் திருத்தாதீர்கள்.