என் முழங்கால் மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு வயது 11, எடை 38 கிலோ. காலையில் எழுந்திருக்கவே திணறுகிறது. மூட்டுவாதம் என்றார் மருத்துவர். நான் முழங்கால் வலிக்குச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பாதி கொடுத்தால் போதும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கூடாது, கால் மாத்திரைகூடக் கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். தாரைப் போலக் கறுத்த மலத்துடன் துவண்டு கிடக்கும் நாயைத் தூக்கி வருபவர்களிடம் விசாரித்தால், "கடையில் கேட்டுத்தான் கொடுத்தோம்" என்ற பதிலையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நாயைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் மருந்து சொல்வதைத் தட்டிக் கேட்க ஆளில்லாத நிலையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாய்களுக்குக் கொடுக்க ஏற்ற கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்ற வலி மருந்துகள் உள்ளன. ஈரலும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகு, எடைக்கேற்ற அளவை மருத்துவரே எழுதித் தர வேண்டும். "ஒரே ஊசி, நாய் ஓடும்" என்று பெயர்ச்சீட்டு இல்லாத மருந்தோடு வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது ஸ்டீராய்டாக இருந்து, நீங்களும் வலி மாத்திரை கொடுத்துவந்தால், குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகக்கூடும். மூட்டுக்கென்று விற்கப்படும் குளுக்கோசமைன் பொடிகளுக்கு வலுவான சான்று இல்லை. அந்தப் பணத்தை ரத்தப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.

மருந்துக்கு இணையான பலன் எடைக் குறைப்பில் இருக்கிறது. உடல் எடையில் 6 முதல் 8 சதவீதம் குறைந்தாலே, பருமனான நாய்களின் நொண்டல் தணிவது ஆய்வில் தெரியவந்துள்ளது. உங்கள் நாய் பருமனாக இருந்தால் ஏறத்தாழ 3 கிலோ குறைந்தாலே போதும். வழவழப்பான தரையில் அதன் பின்னங்கால்கள் விரிந்து சறுக்கும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ரப்பர் விரிப்பு போடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தேய்மான வலியில் காலை விறைப்பு பெரும்பாலும் சில நிமிட நடையில் தளர்ந்துவிடும். அப்படித் தளராமல், பல மூட்டுகள் சேர்ந்து வீங்கிச் சூடாக இருந்தால், இன்று ஒரு காலும் நாளை வேறொரு காலும் நொண்டினால், காய்ச்சலடித்துச் சாப்பாட்டை ஒதுக்கினால், அதை வயதின் மீது போடாதீர்கள். உண்ணி வழியாகப் பரவும் தொற்றாலும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதாலும் இப்படி நேரும். இரண்டுக்கும் சிகிச்சையே வேறு, நாளைக் கடத்தாமல் அன்றே காட்ட வேண்டும்.

மருத்துவமனைக்கு வந்ததும் பதற்றத்தில் நாய் வலியை மறைத்துக்கொள்ளும். அங்கே கிடைக்கும் சில நிமிடங்களில் உண்மை தெரியாமலே போய்விடும். ஆகவே காலையில் அது எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகளைக் கைபேசியில் படம்பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.